அக்கம்பக்கக் கண்காணிப்பு மோதல்களில் தற்காப்பும் அறப்பொறுப்பும்: சான்ஃபோர்டு வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

குடியிருப்புப் பகுதியில் தன்னார்வக் கண்காணிப்பில் ஈடுபடும் ஒருவர், அயலார் ஒருவரைப் பின்தொடர்ந்து செல்கிறார். அதன் விளைவாக எழும் மோதலில் அவரைக் கொன்றுவிட்டுத் தற்காப்பு உரிமையைக் கோருகிறார். அக்கோரிக்கையை அறநோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2012இல் நிகழ்ந்த ட்ரேவான் மார்ட்டின் கொலை முதன்மைச் சான்றாகவும், ஜார்ஜியா மாநிலத்தில் 2020இல் நிகழ்ந்த அமாட் ஆர்பெரி கொலை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன. தற்காப்புச் சட்டம் மோதலின் இறுதிக் கணத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. அறப்பொறுப்போ அக்கணத்தை உருவாக்கிய முந்தைய முடிவுகளிலிருந்தே தொடங்குகிறது என்பதும், கண்காணிப்பாளர் என்னும் பங்கை ஏற்றவருக்கு அப்பொறுப்பு மிகுதி என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தற்காப்பு, அறப்பொறுப்பு, அக்கம்பக்கக் கண்காணிப்பு, நியாயமான அச்சம், பின்வாங்கும் கடமை.

முன்னுரை

தன்னுயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் பிறர்மீது வன்முறையைப் பயன்படுத்துவது குற்றமாகாது என்பதை ஏறக்குறைய எல்லாச் சட்ட மரபுகளும் ஏற்கின்றன. அந்த ஏற்பின் பின்னணியில் ஓர் எளிய காட்சி இருக்கிறது. ஒருவர் தம் வழியில் செல்கிறார், வேறொருவர் அவரைத் தாக்க வருகிறார், தாக்கப்படுபவர் எதிர்க்கிறார். இக்காட்சியில் குற்றமற்றவர் யார், குற்றவாளி யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் தாக்கப்பட்டதாகக் கூறுபவரே அந்தச் சந்திப்பைத் தேடிச் சென்றவராக இருந்தால் காட்சி குழம்பிவிடுகிறது. அவர் தேடிச் சென்றதற்குத் தீய நோக்கம் காரணமாக இல்லாமல், தம் குடியிருப்பைக் காக்கும் எண்ணமே காரணமாக இருந்தால் குழப்பம் மேலும் மிகுகிறது. அக்கம்பக்கக் கண்காணிப்பு மோதல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. தற்காப்புக் கோட்பாட்டின் வழக்கமான எடுத்துக்காட்டுகளுக்குள் அவை அடங்குவதில்லை.

அமெரிக்காவில் அக்கம்பக்கக் கண்காணிப்பு ஒரு தேசியத் திட்டமாக 1972இல் தேசிய ஷெரிஃப்கள் சங்கத்தால் தொடங்கப்பட்டது. திருட்டைத் தடுக்கக் காவல்துறையால் மட்டும் இயலாது, குடியிருப்போரின் கண்ணும் காதும் அதற்குத் துணைநிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கண்ணும் காதும் என்ற இவ்வரையறை தற்செயலானதன்று. அத்திட்டத்தின் வழிகாட்டுதல்கள், ஐயத்துக்குரியதைக் காண்பவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதோடு நிற்க வேண்டும், தாமே நடவடிக்கையில் இறங்கலாகாது எனத் தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளன. கை அவ்வரையறையில் இடம்பெறவில்லை.

சான்ஃபோர்டு நிகழ்வு

2012 பிப்ரவரி 26 மாலை ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டு நகரில் மழை தூறிக்கொண்டிருந்தது. 17 வயதான ட்ரேவான் மார்ட்டின், சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் கொண்ட ஒரு குடியிருப்பு வளாகத்தில் தம் தந்தையுடன் விருந்தினராகத் தங்கியிருந்தார். அருகிலிருந்த கடைக்குச் சென்று மிட்டாயும் பழச்சாறும் வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் தோழி ஒருவருடன் பேசியபடியே திரும்பி வந்துகொண்டிருந்தார். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அவ்வளாகத்தில் முந்தைய ஆண்டு சில திருட்டுகள் நடந்திருந்தன. 2011 செப்டம்பரில் கண்காணிப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் ஒருங்கிணைப்பாளர் 28 வயதான ஜார்ஜ் சிம்மர்மன். தம் வண்டியில் சென்றுகொண்டிருந்த அவர் மார்ட்டினைக் கண்டார், சுமார் 7.09 மணிக்குக் காவல்துறையின் அவசரமல்லாத அழைப்பு எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினார். உரிமம் பெற்ற 9 மி.மீ. கைத்துப்பாக்கி அவரிடம் இருந்தது.

அந்த உரையாடல் முழுமையாகப் பதிவாகியுள்ளது. இத்தகையோர் எப்போதும் தப்பிவிடுகின்றனர் என்னும் பொருள்படச் சிம்மர்மன் சலித்துக்கொண்டதும், வண்டியை விட்டு இறங்கி நடந்ததும் அதில் தெரிகின்றன. அவரைப் பின்தொடர்கிறீர்களா என அழைப்பை ஏற்றவர் கேட்டார். ஆம் என்றார் சிம்மர்மன். அவ்வாறு செய்யத் தேவையில்லை என்று கூறப்பட்டது, சரி என்றார். வருகின்ற காவலர்களை அஞ்சற்பெட்டிகளுக்கு அருகே சந்திப்பதாக முதலில் ஒப்புக்கொண்டவர், பின்னர் அவர்கள் தம்மைத் தொலைபேசியில் அழைக்கட்டும், தாம் இருக்குமிடத்தை அப்போது சொல்வதாக மாற்றிக்கொண்டார். அழைப்பு சுமார் 7.13க்கு முடிந்தது. 7.16ஐ ஒட்டித் துப்பாக்கி வெடித்தது. அடுத்த நிமிடமே காவலர் வந்து சேர்ந்தார்.

இடைப்பட்ட மூன்று நிமிடங்களைப் பற்றி உயிருடன் எஞ்சியவரின் கூற்றும், இருளில் அரைகுறையாகக் கண்ட, கேட்ட அண்டைவீட்டாரின் சாட்சியங்களும், தொலைபேசியில் இருந்த தோழியின் சாட்சியமும் மட்டுமே உள்ளன. ஏன் தம்மைப் பின்தொடர்கிறீர்கள் என மார்ட்டின் கேட்டதாகவும், இங்கு என்ன செய்கிறாய் என்னும் பொருளில் மறுகேள்வி வந்ததாகவும் தோழி கூறினார். மார்ட்டின் தம்மைத் திடீரெனத் தாக்கிக் கீழே தள்ளித் தலையை நடைபாதையில் மோதினார் என்பது சிம்மர்மனின் கூற்று. அவருக்கு மூக்கிலும் பின்தலையிலும் காயங்கள் இருந்தன. முதலில் கைவைத்தவர் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவேயில்லை.

அன்றிரவு சிம்மர்மன் கைது செய்யப்படவில்லை. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், ஆளுநர் நியமித்த தனி அரசு வழக்கறிஞர் 2012 ஏப்ரல் 11 அன்று இரண்டாம் தரக் கொலைக் குற்றத்தைச் சுமத்தினார். 2013 ஜூலை 13 அன்று ஆறு பெண்களைக் கொண்ட ஜூரி அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதித்துறையும் 2015 பிப்ரவரியில், குடிமை உரிமைச் சட்டங்களின்கீழ் வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என அறிவித்தது.

சட்டம் எந்த நேரத்தைப் பார்க்கிறது

இத்தீர்ப்பை இனச்சார்பின் விளைவாக மட்டும் காண்போரும் உளர். சான்றுகளின் போதாமையாக மட்டும் காண்போரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் ஜூரிக்கு முன் வைக்கப்பட்ட கேள்வியின் வடிவம் தனியே நோக்கத்தக்கது. தமக்கு மரணமோ கொடுங்காயமோ உடனடியாக நேரும் என ஒருவர் நியாயமாக நம்பினால் உயிர்பறிக்கும் வன்முறையைப் பயன்படுத்தலாம் என்பது ஃப்ளோரிடாச் சட்டம். 2005இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், சட்டவிரோதச் செயலில் ஈடுபடாமல், தாம் இருக்க உரிமையுள்ள இடத்தில் இருப்பவருக்குப் பின்வாங்கும் கடமை இல்லை என்றது. நின்ற இடத்திலேயே நின்று எதிர்க்கலாம் என்பதால் ‘நிலைபெயராச் சட்டம்’ என இதனைக் குறிக்கலாம். இத்திருத்தம் அளிக்கும் முன்விசாரணைப் பாதுகாப்பைச் சிம்மர்மன் தரப்பு கோரவில்லை என்பதால் அச்சட்டத்துக்கும் இவ்வழக்குக்கும் தொடர்பில்லை எனச் சிலர் வாதிட்டனர். ஆயினும் பின்வாங்கும் கடமை இல்லை என்னும் வாசகம் ஜூரிக்கான அறிவுறுத்தலில் இடம்பெற்றது என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது.

இதனினும் முக்கியமானது, அறிவுறுத்தலில் இடம்பெறாத ஒன்று. ஃப்ளோரிடாச் சட்டத்தின் 776.041ஆம் பிரிவு, தம்மீதான வன்முறையைத் தாமே முதலில் தூண்டியவர் தற்காப்பு உரிமையை இழக்கிறார் எனக் கூறுகிறது. தப்புவதற்கான நியாயமான வழிகள் அனைத்தையும் முயன்று பார்த்திருந்தாலோ, நல்லெண்ணத்துடன் விலகியதைத் தெளிவாக உணர்த்தியிருந்தாலோ மட்டும் அவ்வுரிமை மீளும். இப்பிரிவை ஜூரிக்கு விளக்க வேண்டுமென அரசுத் தரப்பு கேட்டது. ஒருவரைப் பின்தொடர்வது சட்டவிரோதமன்று; தூண்டுதல் என்பது வன்முறையாலோ வன்முறை அச்சுறுத்தலாலோ நிகழ்ந்திருக்க வேண்டும் என எதிர்த்தரப்பு மறுத்தது; முந்தைய மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்றும் அதற்கு ஆதரவாக இருந்தது. நீதிபதி அவ்விளக்கத்தைச் சேர்க்கவில்லை. இதன் விளைவாக, வண்டியை விட்டு இறங்கியதும், இருளில் பின்சென்றதும், தேவையில்லை என்ற சொல்லைக் கேட்ட பின்னும் வண்டிக்குத் திரும்பாததும் ஜூரியின் இறுதிக் கேள்விக்கு வெளியே நின்றுவிட்டன. துப்பாக்கி வெடித்த கணத்தில் அவருக்கு நியாயமான அச்சம் இருக்கவில்லை என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு அப்பால் நிறுவியதா என்பதே எஞ்சியது.

மார்க் கெல்மன் 1981இல் ஸ்டான்ஃபோர்டு சட்ட ஆய்விதழில் எழுதிய கட்டுரை இங்குப் பயன்படுகிறது. குற்றவியல் வாதங்கள் தம்மை அறியாமலேயே ஒரு காலச்சட்டகத்தைத் தெரிவு செய்கின்றன, சட்டகத்தைக் குறுக்கினால் ஒரு முடிவும் விரித்தால் வேறொரு முடிவும் கிடைக்கும், ஆனால் அத்தெரிவுக்கான காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை என்பது அவர் கருத்து. சான்ஃபோர்டு வழக்கில் இது வெளிப்படையாகவே நிகழ்ந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் நிறைவுரையின்போது நான்கு நிமிடங்கள் நீதிமன்றத்தை மௌனத்தில் ஆழ்த்தினார். மார்ட்டின் வீடு திரும்புவதற்கு அவ்வளவு நேரம் இருந்தது, அவர் ஏன் திரும்பவில்லை என்பது அம்மௌனத்தின் பொருள். சிம்மர்மனைப் பொறுத்தவரை இறுதிக் கணத்தில் குறுகிய சட்டகம், மார்ட்டினைப் பொறுத்தவரை நான்கு நிமிடம் விரிந்தது. விலகிச் செல்லும் கடமை யாருக்கும் இல்லை என்று கூறும் ஒரு சட்டத்தின்கீழ், விலகிச் செல்லவில்லை என்ற குறை இறந்த சிறுவன்மீது மட்டும் வைக்கப்பட்டது. இம்முரண் அன்று போதிய கவனம் பெறவில்லை.

பங்கு தரும் பொறுப்பு

காலச்சட்டகத்தை விரிப்பதற்கு அறநோக்கில் தனியான காரணம் வேண்டும். இல்லையேல் எவரையும் எதற்கும் பொறுப்பாக்கிவிடலாம். கண்காணிப்பாளர் என்னும் பங்கே அக்காரணத்தைத் தருகிறது.

கண்காணிப்பாளரைச் சாதாரண வழிப்போக்கரிடமிருந்து பிரித்துக் காட்டுவன சில உண்டு. அவர் அப்பங்கைத் தாமாக விரும்பி ஏற்றவர். அதன் எல்லை அவருக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. சான்ஃபோர்டில் காவல்துறையின் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் அக்குடியிருப்போரைச் சந்தித்து, எவரையும் எதிர்கொள்ளலாகாது, காவலரை அழைக்க வேண்டும் என விளக்கியதாகச் சாட்சியம் அளித்தார். காவலர் வந்துகொண்டிருக்கிறார் என்பதும் சிம்மர்மனுக்குத் தெரியும். தற்காப்பு உரிமையின் அடிப்படை நியாயமே, அரசின் பாதுகாப்பு உரிய நேரத்தில் எட்டாத இடத்தில் தனிமனிதர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள நேர்கிறது என்பதுதான். அப்பாதுகாப்பை அழைத்துவிட்டு, அது வந்து சேர்வதற்கு முன் அதன் வேலையைத் தாமே செய்யப் புறப்படுபவர் அந்த நியாயத்தின் மையத்திலிருந்து விலகி நிற்கிறார்.

காவலருக்கும் கண்காணிப்பாளருக்கும் உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. சீருடையும் அடையாள வில்லையும் வெறும் அலங்காரங்கள் அல்ல. எதிரே வருபவர் யார், எந்த அதிகாரத்தில் கேள்வி கேட்கிறார், அவருக்கு எவ்வாறு மறுமொழி கூற வேண்டும் என்பதை அவை அறிவிக்கின்றன. தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதையும் அவை கூறுகின்றன. காவலரும் தவறு செய்வர், கொல்லவும் செய்வர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அடையாளமற்ற ஒருவர் வண்டியில் மெதுவாகத் தொடர்ந்து வந்து, பின்னர் இறங்கி நடந்தே பின்தொடர்வது, பின்தொடரப்படுபவரின் பார்வையில் குற்றச்செயலின் தொடக்கமாகவே தோன்றும். கண்காணிப்பாளரின் நல்லெண்ணம் அவர் உள்ளத்தில் மட்டுமே இருக்கிறது. தெருவில் தெரிவது அவருடைய நடத்தை மட்டுமே.

உரிமை இழப்பு, பொறுப்பு: இரு வேறு கேள்விகள்

இவ்வாதம் ஒரு கடினமான முடிவை நோக்கி எளிதில் நழுவிவிடக்கூடும். ஜெஃப் மெக்மஹான், போரில் கொல்லுதல் குறித்த 2009ஆம் ஆண்டு நூலிலும் அதற்கு முந்தைய கட்டுரைகளிலும், அநீதியான அச்சுறுத்தலுக்கு அறப்பொறுப்புடையவரே தற்காப்பில் தாக்கப்படத் தக்கவர் என்கிறார். அவர் தரும் எடுத்துக்காட்டு ஒரு கவனமான ஓட்டுநர். வண்டியை நன்கு பராமரித்து, விதிப்படி ஓட்டுகிறார்; எதிர்பாராத கோளாறால் வண்டி ஒரு பாதசாரியை நோக்கிப் பாய்கிறது. ஓட்டுநரிடம் குறை எதுவும் இல்லை. எனினும் பிறருக்குச் சிறிதளவேனும் ஆபத்து விளைவிக்கக்கூடிய செயலைத் தெரிந்தே தெரிவு செய்தவர் அவரே. பாதசாரி எதையும் தெரிவு செய்யவில்லை. இருவரில் ஒருவர் இறந்தே ஆகவேண்டுமெனில் ஓட்டுநரே அச்சுமையை ஏற்க வேண்டும் என்பார் மெக்மஹான். ஆயுதத்துடன் அயலாரைப் பின்தொடர்வது வண்டி ஓட்டுவதைவிட எத்தனையோ மடங்கு ஆபத்தானது. அவ்வாறாயின், கீழே வீழ்த்தப்பட்டு அடிவாங்கிக்கொண்டிருந்த கணத்திலும் கண்காணிப்பாளர் எதிர்க்க உரிமையற்றவராகிவிடுவாரா?

ஆம் என்று கூறுவது மிகை. பின்தொடர்தலுக்கு உரிய தண்டனை மரணமாக முடியாது. பின்தொடர்ந்தார் என்பதற்காக ஒருவர் தலையை நடைபாதையில் மோதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என எந்த அறநூலும் எதிர்பார்க்காது. கிம்பர்லி ஃபெர்சான், தூண்டுவோர் பற்றிய தம் கட்டுரையில், வேண்டுமென்றே சண்டையைத் தொடங்கி வைப்பவர் தம் தற்காப்பு உரிமையைத் தாமே கைவிடுகிறார் என வாதிடுகிறார். கொல்வதற்கு வாய்ப்புத் தேடிச் சண்டை மூட்டுபவருக்கு அது பொருந்தும். அத்தகைய நோக்கம் இவ்வழக்கில் நிறுவப்படவில்லை.

இவ்விடத்தில் பால் ராபின்சன் 1985இல் முன்வைத்த தீர்வு பொருத்தமாக உள்ளது. தற்காப்புக்கான சூழ்நிலையைத் தாமே உருவாக்கியவரின் செயலை இரண்டாகப் பிரித்து நோக்க வேண்டும் என்கிறார் அவர். இறுதிச் செயல், அதன் கணத்தில், நியாயமானதாகவே இருக்கலாம். அதற்காக முந்தைய செயல் மதிப்பீட்டிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. அச்சூழ்நிலையை உருவாக்கியபோது அவருடைய மனநிலை என்னவாக இருந்தது என்பதை வைத்து, விளைந்த மரணத்துக்கான பொறுப்பு அந்த முந்தைய செயலின்மீது சுமத்தப்பட வேண்டும். கொல்லும் நோக்குடன் உருவாக்கினால் கொலை. ஆபத்தை அறிந்தும் பொருட்படுத்தாமல் உருவாக்கினால் அதற்கேற்ற குறைந்த குற்றம். இதனால் கீழே கிடப்பவர் எதிர்க்கலாமா என்ற கேள்வியும், அவர் அங்கு வந்து கிடக்க நேர்ந்ததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் ஒன்றையொன்று விழுங்காமல் தனித்தனியே நிற்கின்றன. முதற்கேள்விக்குக் கண்காணிப்பாளருக்கு ஆதரவான விடை கிடைத்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. சான்ஃபோர்டு ஜூரியிடம் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் குறைந்த குற்றமும் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் தற்காப்பு ஏற்கப்பட்டால் அதுவும் விழுந்துவிடும் வகையிலேயே சட்டம் அமைந்திருந்தது. ராபின்சன் பிரிக்கச் சொன்ன இரண்டையும் அச்சட்டம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆபத்து நேரலாம் என்று அறிந்தும் ஓரிடத்துக்குச் செல்பவர் பின்விளைவுக்குப் பொறுப்பாவார் எனில், சீண்டல் மிகுந்த தெருவழியே இரவில் தனியே நடக்கும் பெண்ணும் பொறுப்பாவாரா? அவருக்கும் ஆபத்து தெரியும். அவரும் வேறு வழியில் சென்றிருக்கலாம். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. விடை, ஆபத்தை அறிந்திருத்தல் என்பதில் இல்லை. ஆபத்து யார்மீது சுமத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. அப்பெண் தம் வழியில் நடக்கிறார். பிறர் எவருடைய நடமாட்டத்தையும் அவர் தடுக்கவில்லை, எவரிடமும் விளக்கம் கேட்கவில்லை. ஆபத்தை உருவாக்குபவர் சீண்டுபவர். கண்காணிப்பாளரோ தம் ஐயத்தை வேறொருவர்மீது செலுத்துகிறார், அவரைத் தொடர்கிறார், அச்சத்துக்கும் விளக்கமளிக்க வேண்டிய நிலைக்கும் அவரை உள்ளாக்குகிறார். இந்த ஒப்பீட்டில் பெண்ணின் இடத்தில் நிற்பவர் மார்ட்டினே.

அச்சம் எப்போது நியாயமாகிறது

சட்டம் நியாயமான நம்பிக்கை என்பதை அளவுகோலாகக் கொள்வதால் மற்றொரு சிக்கல் எழுகிறது. இருவருமே ஒரே நேரத்தில் நியாயமாக அஞ்சியிருக்கக்கூடும். இருளில் அடையாளம் தெரியாத ஆண் பின்தொடர்வதைக் கண்ட 17 வயதுச் சிறுவனின் அச்சமும் நியாயமானது. தாக்கப்பட்டுக் கீழே விழுந்தவரின் அச்சமும் நியாயமானது. ஜார்ஜ் ஃப்ளெட்சர் போன்றோர், ஒரு செயல் உண்மையில் நியாயமானதெனில் அதை எதிர்ப்பது நியாயமாக இருக்க முடியாது என்பர். நம்பிக்கையை அளவுகோலாக்கிய சட்டத்தில் அது இயல்வதாகிவிடுகிறது. ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1991ஆம் ஆண்டுக் கட்டுரையில் வேறுவழி செல்கிறார்: தாக்குதல் உரிமையை உண்மையில் மீறுகிறதா என்பதே கேள்வி, நம்பிக்கை அன்று. ஆனால் உண்மையை அறிந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்ட வழக்கில் இவ்வழி நீதிமன்றத்துக்கு உதவுவதில்லை. இரு நியாயமான அச்சங்கள் மோதும்போது சட்டம் நடைமுறையில் உயிருடன் எஞ்சியவரின் அச்சத்தையே கேட்கிறது.

நியாயம் என்ற சொல்லின் உள்ளடக்கமும் நடுநிலையானதன்று. 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் நான்கு கறுப்பின இளைஞர்களைச் சுட்ட பெர்ன்ஹார்டு கோட்ஸ் வழக்கில், அம்மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986இல், அஞ்சியவரின் உள்ளத்தில் இருந்தது மட்டும் போதாது, அது புறநிலையில் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. எனினும் அந்த நியாயமான மனிதர் யார்? ஜோடி ஆர்மர் தம் 1997ஆம் ஆண்டு நூலில் இதனை நேராக எதிர்கொள்கிறார். பெரும்பாலோர் அவ்வாறே அஞ்சுவர் என்பதாலோ, குற்றப் புள்ளிவிவரங்கள் அவ்வாறு காட்டுகின்றன என்பதாலோ, தமக்கு நேர்ந்த ஒரு தாக்குதலால் அச்சம் தன்னியல்பாகிவிட்டது என்பதாலோ கறுப்பினத்தவர் மீதான அச்சம் நியாயமாகிவிடாது என்பது அவர் வாதம். பரவலாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் வெவ்வேறு. கண்காணிப்பில் இது கூர்மையடைகிறது. அச்சம் திடீரென வந்து தாக்குவதன்று அங்கு. ஐயத்துக்குரியவர் யார் எனத் தேடுவதே அங்குப் பணி. வளாகத்தில் இருக்க உரிமையுள்ள விருந்தினர் ஒருவர் மழையில் மெதுவாக நடந்தது ஐயத்துக்குரியதாகத் தோன்றிய அக்கணமே முதற்பிழை; பின்வந்த ஒவ்வொரு முடிவும் அதன்மீது கட்டப்பட்டது.

ஜார்ஜியாவிலிருந்து ஓர் ஒப்பீடு

2020 பிப்ரவரி 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக் நகருக்கு அருகே, குடியிருப்புத் தெரு ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த 25 வயதான அமாட் ஆர்பெரியைத் தந்தையும் மகனுமாக இருவர் ஆயுதங்களுடன் வண்டியில் துரத்தினர். அண்டைவீட்டார் ஒருவரும் தம் வண்டியில் சேர்ந்துகொண்டு அதைக் கைப்பேசியில் படமெடுத்தார். மறிக்கப்பட்ட ஆர்பெரி துப்பாக்கியைப் பற்ற முயன்றபோது மகன் சுட்டார், தற்காப்பு என்றார். மே மாதம் அக்காணொளி வெளிவரும்வரை கைது நிகழவில்லை. 2021 நவம்பர் 24 அன்று மூவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

இறுதிக் கணத்தை மட்டும் பார்த்தால் இரு வழக்குகளும் ஒத்தவை: பின்தொடரப்பட்டவர் கைகலக்கிறார், பின்தொடர்ந்தவர் சுடுகிறார். முடிவுகள் வேறுபட்டதற்குக் காணொளி ஒரு காரணம். துரத்தியவர்கள் மூவர் என்பதும், வண்டிகளால் மறித்தனர் என்பதும் மேலும் காரணங்கள். ஆனால் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. எதிர்த்தரப்பினர் தாம் பொதுமக்கள் கைது உரிமையின்கீழ் ஆர்பெரியைத் தடுத்ததாக வாதிட்டதால், துரத்தலே நீதிமன்றத்தின் கேள்வியாயிற்று. குற்றத்தை நேரில் கண்டோ, உடனடியாக அறிந்தோ தடுத்தால்தான் அவ்வுரிமை உண்டு என நீதிபதி விளக்கினார். அவ்வுரிமை இல்லையெனில் துரத்தல் சட்டவிரோதம். துரத்தல் சட்டவிரோதமெனில் தற்காப்பு நிற்காது. சான்ஃபோர்டில் வெளியே விடப்பட்ட நிமிடங்கள் இங்கு உள்ளே வந்தன. தண்டனை வழங்கிய நாளில் நீதிபதி ஒரு நிமிடம் மௌனம் காத்தார். ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓடிக் களைத்தவரின் அச்சத்தில் அது ஒரு சிறு பகுதியே என்பதை அவை உணரட்டும் என்றார். சான்ஃபோர்டின் நான்கு நிமிட மௌனத்தோடு இதனை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று பின்தொடரப்பட்டவரிடம் கணக்குக் கேட்டது, மற்றொன்று பின்தொடர்ந்தவர்களிடம்.

ஆயினும் ஜார்ஜியாத் தீர்ப்பு அறக்கேள்வியை முழுமையாகத் தீர்த்துவிட்டது எனக் கொள்வதற்கில்லை. துரத்தல் சட்டவிரோதமாக இருந்ததால்தான் அங்குப் பொறுப்பு பின்னோக்கி எட்டியது. சட்டவிரோதமல்லாத, ஆனால் பிறரை ஆபத்தில் தள்ளும் பின்தொடர்தல் என்னும் சான்ஃபோர்டின் இடம் அப்படியே உள்ளது.

சட்டத்திருத்தங்களின் போக்கு

ஜார்ஜியா, 1863இல் இயற்றப்பட்ட தன் பொதுமக்கள் கைதுச் சட்டத்தை 2021 மே மாதத்தில் நீக்கியது. ஃப்ளோரிடா எதிர்த்திசையில் சென்றது: 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முன்விசாரணையில் தற்காப்புப் பாதுகாப்பு பொருந்தாது என்பதை நிறுவும் சுமை அரசுத் தரப்பின்மீது வந்தது. தூண்டுதல் என்பது எதைக் குறிக்கும் என்னும் கேள்வியை அத்திருத்தம் தொடவில்லை.

சான்ஃபோர்டு நகரக் காவல்துறை 2013ஆம் ஆண்டின் இறுதியில் தன் கண்காணிப்புத் திட்ட விதிகளை மாற்றி எழுத முற்பட்டது. தன்னார்வலர்கள் எவரையும் பின்தொடரலாகாது, பணியின்போது துப்பாக்கி வைத்திருக்கலாகாது என முதலில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தபின், துப்பாக்கி குறித்த தடை அறிவுரையாகத் தளர்த்தப்பட்டது.